தங்கை மகள் என்ன விளையாடுகிறாள்?

சகோதரிகளே, இந்தத் தடவை ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சொன்னது வேறு யாருமில்லை, நானேதான்!

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா பால் பாக்கெட்டும் கையுமாக வந்து நின்றார்.

"ஏம்மா, அமெரிக்காவிலே இருக்காளே உன் தங்கச்சி பொண்ணு, ஏதோ விளையாட்டிலே மெடல் வாங்கியிருக்காளாமே? என்ன விளையாட்டு?"

"ஜிம்னாஸ்டிக்ஸ் அக்கா" என்றேன், கோலத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

அது பொய். அவள் ஆடுவது சியர்லீடிங். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2008-ல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது, சிக்சருக்கும் ஃபோருக்கும் நடுவே குட்டைப் பாவாடையோடு பெண்கள் வந்து ஆடினார்களே, அப்போதுதான் நம்மில் பல பேர் இந்த வார்த்தையையே முதன்முதலாகக் கேட்டோம். எங்கள் வீட்டில் மாமனார் அந்த நேரம் பார்த்துச் சரியாக மோர் கேட்பார்! அன்றைக்கு மனசில் பதிந்த படம்தான் இன்றைக்கும் நிற்கிறது. "என் தங்கை மகள் சியர்லீடர்" என்று சொன்னால் அக்காவின் மனசிலும் அந்தப் படம்தானே வரும்?

பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்தேனே தவிர, அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெண் படும் பாட்டை நான் கண்ணால் பார்த்தவள். அந்தப் பெயரால் அவளுக்கு வந்த வினையையும் பார்த்தவள்.

தங்கைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று, போன வருஷம் ஆகஸ்டிலிருந்து மூன்று மாதம் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரத்துக்குப் பக்கத்தில் அவள் வீட்டில் இருந்தேன். சமையல், துணிமணி எல்லாம் என் பொறுப்பு. தங்கை வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் வழியில் என்னையும் பெண்ணையும் பயிற்சிக் கூடத்தில் இறக்கிவிடுவார். அவளுக்குப் பதினாலு வயசு. வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது குட்டி என்று.

முதல் நாள் பயிற்சியைப் பார்த்தபோது என் கையிலிருந்த பை கீழே விழுந்துவிட்டது. மூன்று பெண்கள் கீழே நிற்கிறார்கள். இரண்டு பேர் உள்ளங்கையில் குட்டியின் பாதங்கள். பின்னால் ஒருத்தி கணுக்காலைப் பிடித்திருக்கிறாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். எட்டு எண்ணுவதற்குள் குட்டி அவர்கள் தலைக்கு மேலே நிற்கிறாள்! அதுவும் ஒற்றைக் காலில். பிறகு அவளை மேலே வீசினார்கள். அவள் காற்றிலேயே சுழன்று, குறுக்காக வந்து அவர்கள் கைகளில் விழுந்தாள். நான் "ஐயோ முருகா!" என்று கத்தியதில் அங்கே இருந்த அம்மாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலே போகிறவளை 'ஃப்ளையர்' என்கிறார்கள். கீழே தாங்குகிறவர்கள் 'பேஸ்'. பின்னால் நின்று தலையையும் கழுத்தையும் காக்கிறவள் 'பேக் ஸ்பாட்'. போட்டி என்றால் 54 அடிக்கு 42 அடி விரிப்பு. இரண்டரை நிமிஷம்தான் நேரம். அந்த இரண்டரை நிமிஷத்துக்குள் பல்டி, கோபுரம், வீசிப் பிடிப்பது, துள்ளல், நடனம் எல்லாம் அடங்க வேண்டும். ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் மேலே இருப்பவள் கீழே வந்துவிடுவாள். வாரத்தில் நாலு நாள் பயிற்சி. தாங்குகிற பெண்களின் தோளில் நீலம் பாரித்திருக்கும். குட்டி ராத்திரி வந்து வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டே பாடம் படிப்பாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் போலவே நீங்களும் குழம்புவீர்கள். சியர்லீடிங் என்ற ஒரே பெயரில் இரண்டு மூன்று வேலைகள் நடக்கின்றன. பள்ளி, கல்லூரிக் கால்பந்தாட்டங்களில் மைதான ஓரத்தில் நின்று தங்கள் அணிக்காகக் கூட்டத்தைக் கூவ வைப்பது ஒன்று. பெரிய தொழில் அணிகளுக்காகச் சம்பளத்துக்கு நடனம் ஆடுவது இன்னொன்று. நாம் ஐ.பி.எல்.-லில் பார்த்தது இந்த வகை. மூன்றாவது, யாருக்காகவும் கூவாமல், தாங்களே ஒரு அணியாக இன்னொரு அணியோடு மோதுகிற போட்டி. குட்டி முதலாவதையும் மூன்றாவதையும் செய்கிறாள். பள்ளியில் ஒரு அணி, வெளியே தனியார் கூடத்தில் ஒரு அணி.

இப்போது வினைக்கு வருகிறேன்.

செப்டம்பர் கடைசி. பள்ளியிலிருந்து தங்கைக்குப் போன். குட்டி விழுந்துவிட்டாளாம். தங்கையால் எழுந்திருக்க முடியாது. பக்கத்து வீட்டு அம்மாள் காரில் நான் ஓடினேன். அவள் வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "பெரியம்மா, எப்ப வந்தீங்க? இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நடந்தது இதுதான். பள்ளியின் உள்ளரங்கத்தை அன்றைக்கு வாலிபால் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் வராந்தாவில், வழவழவென்ற தரையில், மெத்தை இல்லாமல் பயிற்சி செய்திருக்கிறார்கள். ஒருத்தி வழுக்கியதில் குட்டி பக்கவாட்டில் விழுந்து, தலை தரையில் இடித்திருக்கிறது. விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அடிபட்டால் பார்ப்பதற்கென்றே படித்த ஒருவர் அந்தப் பள்ளியில் உண்டு. 'அத்லெட்டிக் டிரெய்னர்' என்று பெயர். அவர் அப்போது மைதானத்தில் கால்பந்துப் பையன்களோடு இருந்தார். "ஏன் கூப்பிடவில்லை?" என்று இவர்களுக்குப் பொறுப்பாயிருந்த டீச்சரிடம் கேட்டேன். அவர் நல்ல பெண்மணிதான், கண் கலங்கியிருந்தது. "அவர் விளையாட்டு அணிகளுக்குத்தான். நாங்கள் அந்தப் பட்டியலில் இல்லை" என்றார்.

டாக்டர் பார்த்துவிட்டு, மூளை அதிர்ச்சி, அதாவது 'கன்கஷன்' என்றார். எலும்பு முறிவில்லை, ரத்தக் கசிவில்லை. கடவுள் காப்பாற்றினார். ஆனால் அதன் பிறகு வந்த நாட்கள் இருக்கிறதே! வெளிச்சம் கண்ணைக் கூசும். டி.வி. சத்தம் தாங்காது. படித்தது மனசில் நிற்காது. எப்போதும் கலகலவென்று பேசுகிற பெண், திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டறையில் படுத்துக்கிடந்தாள். ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டிவிட்டேன். ஒரு நாள் கேட்டேன்.

"ஏண்டி குட்டி, இவ்வளவு உயரத்துக்குப் போறீங்க, உங்களுக்கு ஒரு மெத்தை கூடக் கிடையாதா?"

"நாங்க ஸ்போர்ட் இல்லையே பெரியம்மா. நாங்க ஆக்டிவிட்டி."

டிராமா, பேச்சுப் போட்டி, பள்ளிப் பத்திரிகை மாதிரி இதுவும் ஒரு 'ஆக்டிவிட்டி'! பெயரால் வந்த வினை என்று சொன்னேனே, அது இதுதான்.

அவள் தூங்கும்போது நான் உட்கார்ந்து இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். என் இங்கிலீஷ் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ்தான். புரியாத இடத்தில் தங்கை சொன்னாள்.

முதல் ஆச்சரியம், இதைத் தொடங்கியவர்கள் ஆண்கள்! 1898-ம் வருஷம் நவம்பர் 2-ம் தேதி, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று எல்லோரையும் ஒரே குரலில் கூவ வைத்தார். அதைத்தான் ஆரம்பம் என்கிறார்கள். ரொம்ப காலத்துக்கு இது பையன்களுக்குப் பெருமைக்குரிய காரியம். ஐசனோவர், ரீகன், ஜார்ஜ் புஷ் (மகன்) ஆகிய ஜனாதிபதிகள் படிக்கிற காலத்தில் சியர்லீடர்களாக இருந்தவர்கள்தான். மின்னசோட்டாவில் பெண்களைச் சேர்த்தது 1923-ல். இரண்டாம் உலகப் போரில் பையன்கள் சண்டைக்குப் போனதும் அந்த இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள். 1948-ல் லாரன்ஸ் ஹெர்கிமர் என்பவர் இதே டெக்சாஸில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் முதல் பயிற்சி முகாம் நடத்தினார். வந்தவர்கள் 52 பெண்கள், ஒரே ஒரு பையன்.

இரண்டாவது ஆச்சரியம் 1972-ம் வருஷம். அந்த வருஷம்தான் அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்குகிற பள்ளி, கல்லூரிகளில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று சொன்ன சட்டம். அதனால் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் திறந்தது. அதே 1972-ல்தான் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற கால்பந்து அணி, தன் சியர்லீடர்களை அரைகுறை உடையில் நடனமாடும் குழுவாக மாற்றி இறக்கியது. டி.வி. வழியாக உலகம் பூராவும் பரவியது அந்தப் படம்தான். ஒரு பக்கம் பெண்கள் மைதானத்துக்குள்ளே போனார்கள். இன்னொரு பக்கம் மைதான ஓரத்துக்குப் புதுசாக ஒரு வேஷம் வந்தது. ஐ.பி.எல். அந்த வேஷத்தைத்தான் நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது.

இதற்கு நடுவில், பள்ளிப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்று, கோபுரம் கட்டி, பல்டி அடித்து எங்கேயோ போய்விட்டார்கள். வேலை மாறிவிட்டது. பெயர் மாறவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. சியர்லீடிங்கில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் 1980-ல் 4,954 பேர். 2007-ல் 26,786 பேர்! 1982-லிருந்து 2009 வரை உயர்நிலைப் பள்ளி விளையாட்டுப் பெண்களுக்கு நேர்ந்த மிகக் கடுமையான காயங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட இதில்தான் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். இதை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளுங்கள், அப்போதுதான் தகுந்த பயிற்சியாளரும் மருத்துவக் கவனிப்பும் கிடைக்கும் என்று அந்த டாக்டர்கள் கேட்டார்கள். 2014-ல் அமெரிக்க மருத்துவர் சங்கமும் அதையே சொன்னது.

"டாக்டர்களே சொன்ன பிறகு என்ன தகராறு?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். தகராறு கோர்ட்டு வரை போயிருக்கிறது, அதுவும் இன்னொரு கூட்டம் பெண் பிள்ளைகளால்!

கனெக்டிகட் மாநிலத்தில் க்வினிபியாக் என்று ஒரு பல்கலைக்கழகம். 2009-ல் செலவைக் குறைக்கிறோம் என்று பெண்கள் வாலிபால் அணியை எடுத்துவிட்டு, போட்டி சியர்லீடிங்கை விளையாட்டுப் பட்டியலில் சேர்க்கப் பார்த்தது. வாலிபால் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2010-ல் நீதிபதி, போட்டி சியர்லீடிங் பின்னொரு காலத்தில் விளையாட்டு என்ற தகுதியைப் பெறலாம், ஆனால் இன்றைக்கு அது அந்த அளவுக்கு வளரவில்லை, ஒழுங்குக்கும் வரவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆளுக்கொரு விதி. இன்று கல்லூரி அணியோடு மோதல், நாளைக்குப் பள்ளி அணியோடு மோதல். 2012-ல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. வாலிபால் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பெண் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்து இன்னொரு பெண் குழந்தைக்குப் பரிமாறினால் யார்தான் பொறுப்பார்கள்?

அதற்குப் பிறகுதான் பெயர் மாற்றம் வேகமாக நடந்தது. போட்டியை மட்டும் தனியாகப் பிரித்து, கூவுவதையும் பாம்-பாமையும் கழித்துவிட்டு, இரண்டு புது விளையாட்டுகள் வந்தன. ஒன்றுக்கு 'அக்ரோபேடிக்ஸ் அண்ட் டம்ப்ளிங்' என்று பெயர். ஓரிகன் பல்கலைக்கழகம், டெக்சாஸின் பெய்லர் பல்கலைக்கழகம் இவற்றிலெல்லாம் அந்த அணிகள் உண்டு. இன்னொன்றுக்குப் பெயர் 'ஸ்டன்ட்'. அதில் ஆட்டத்தை நாலு பகுதியாகப் பிரித்து, இரண்டு அணியும் ஒரே வித்தையை ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் செய்து காட்ட வேண்டும். பாயின்ட் கண்ணுக்கு நேரே தெரியும். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 2020-ல் முதலாவதையும் 2023-ல் இரண்டாவதையும் பெண்களுக்கான வளரும் விளையாட்டுகள் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பழைய பெயரோடு கதவைத் தட்டியபோது திறக்கவில்லை. புதுப் பெயரும் புது ஒழுங்கும் வந்ததும் திறந்துவிட்டது!

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். சர்வதேச சியர் யூனியன் என்று ஒன்று 2004-ல் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அவர்கள் பெயரை மாற்றவே இல்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2016-ல் அவர்களுக்குத் தற்காலிக அங்கீகாரமும் 2021-ல் முழு அங்கீகாரமும் கொடுத்தது. ஒலிம்பிக் பந்தயத்தில் இடம் என்று அர்த்தமில்லை, ஆனால் மதிப்புக் கிடைத்துவிட்டது. ஆக, பெயரை உதறியவர்களும் ஏறினார்கள், பெயரை விடாதவர்களும் ஏறினார்கள். எது சரி?

இந்தக் கேள்வி தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்டது. குட்டி விழுந்ததைக் கேள்விப்பட்டு, அணியிலிருக்கும் மற்றப் பெண்களின் அம்மாக்கள் ஐந்தாறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுவதாக ஏற்பாடு. நான் உளுந்து வடையும் காப்பியும் கொடுத்தேன். வடைக்குக் கிடைத்த ஒற்றுமை கடிதத்துக்குக் கிடைக்கவில்லை!

ஒரு அம்மா சொன்னார்: "முதலில் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்போம். சியர் என்ற வார்த்தை இருக்கும்வரை நம் பெண்களைப் பொம்மை மாதிரிதான் பார்ப்பார்கள். நீரில் நடனமாடுகிறவர்களுக்குக் கூட 2017-ல் சின்க்ரனைஸ்டு ஸ்விம்மிங் என்ற பெயரை ஆர்டிஸ்டிக் ஸ்விம்மிங் என்று மாற்றவில்லையா?"

உடனே இன்னொருவர், "மாற்றினார்கள், ஆனால் அந்தப் பெண்களில் பல பேருக்கே அது பிடிக்கவில்லையே! தண்ணீருக்கு அடியில் மூச்சை அடக்கி ஆடுகிறோம், எங்களை வெறும் அழகுக் கலை ஆக்கிவிட்டீர்களே என்றார்களே" என்றார்.

ஒரு பெண்ணின் பாட்டியும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். இளமையில் அதே மாதிரி ஒரு பள்ளியில் சியர்லீடராக இருந்தவர். அவர் நிதானமாகச் சொன்னதைத் தங்கை எனக்குத் தமிழில் சொன்னாள். "எங்கள் காலத்தில் பெண்களுக்கு ஓடுவதற்கு மைதானம் கிடையாது. எங்களுக்குக் கிடைத்த ஒரே இடம் இதுதான். அந்த ஓரத்தில் நின்று ஆயிரம் பேரை ஒரே குரலாக்கினோம். அது வெட்கப்படுகிற காரியமா?"

யாரும் பேசவில்லை. அப்போது மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த குட்டி, கூலிங்கிளாஸ் போட்டபடியே இறங்கி வந்தாள்.

"வேற பேர் வச்சாத்தான் மெத்தை தருவாங்கன்னா, அந்தப் பேர் எனக்கு வேண்டாம். நான் விழுந்தப்ப தரைக்கு என் பேர் தெரியாது" என்றாள்.

அன்று ராத்திரி பாத்திரம் துலக்கும்போது என் மனசு நம் ஊருக்கு வந்துவிட்டது. சதிர் என்று இருந்ததற்கு 1930-களில் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. புதுப் பெயர் வந்ததும் பெரிய வீட்டுப் பெண்களெல்லாம் சலங்கை கட்டினார்கள். நானே சின்ன வயசில் இரண்டு வருஷம் கற்றுக்கொண்டேன். கலைக்கு மதிப்பு வந்தது உண்மை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைக் காப்பாற்றிவந்த குடும்பத்துப் பெண்களில் பெரும்பாலோருக்கு மேடையில் இடம் இல்லாமல் போனதும் உண்மை. பெயரை மாற்றும்போது மதிப்பு வருகிறது, சரி. கூடவே, பழைய பெயரோடு இருந்தவர்கள் மேல் ஒரு கறையும் விழுந்துவிடுகிறது. அந்தப் பாட்டியின் முகம் என் கண் முன்னால் வந்தது.

அதனால் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். வேலை வேறாகிவிட்டதால் பெயர் வேறாக இருக்கட்டும். அது நியாயம். இட்லி மாவில் தோசை வார்த்தால் அதைத் தோசை என்றுதானே சொல்கிறோம்? யாருக்காகவும் கூவாமல், விதியோடும் பாயின்ட்டோடும் மோதுகிற போட்டிக்குத் தனிப் பெயர் இருந்தால், வாலிபால் பெண்களின் பங்கைப் பிடுங்காமல் தனக்கென்று ஒரு இடம் கேட்கலாம். ஆனால் வெட்கத்துக்காகப் பெயரை மாற்றக் கூடாது. ஐ.பி.எல். ஆட்டத்தைப் பார்த்து நாம் முகம் சுளித்தோம் என்பதற்காக இந்தப் பெண்கள் ஏன் தங்கள் பெயரை ஒளிக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலே, பாதுகாப்பு என்பது பெயரைப் பார்த்து வரக் கூடாது. உயரத்தைப் பார்த்து வர வேண்டும். தலைக்கு மேலே ஒரு குழந்தையைத் தூக்கினால் கீழே மெத்தை வேண்டும், அவ்வளவுதான்!

மறுநாள் தங்கை கடிதத்தைத் திருத்தி எழுதினாள். பெயர் பற்றி ஒரு வரியும் இல்லை. மூன்றே கோரிக்கைகள். மெத்தை இல்லாத இடத்தில் தூக்குவதும் வீசுவதும் கூடாது. டிரெய்னர் இவர்களையும் பார்க்க வேண்டும். பொறுப்பு ஏற்கிற டீச்சருக்கு முறையான பயிற்சி கொடுக்க வேண்டும். பெயரை மாற்றச் சொன்ன அம்மாவும் கையெழுத்துப் போட்டார், பாட்டியும் போட்டார். நான் ஊருக்குத் திரும்புவதற்கு முன் வாரத்தில் இரண்டு நாள் உள்ளரங்கம் கிடைத்தது. மெத்தையும் வந்தது. டீச்சருக்குப் பயிற்சி வகுப்பும் ஏற்பாடாயிற்று. டிரெய்னர் விஷயம் மட்டும் இழுபறியில் இருந்தது. தங்கை விடுவதாயில்லை.

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் பள்ளி ஆண்டு விழாவிலும் சுதந்திர தின விழாவிலும் பிள்ளைகளை ஒருவர் மேல் ஒருவராக ஏற்றிக் கோபுரம் கட்டுகிறார்களே, அதற்கு என்ன பெயர்? கலை நிகழ்ச்சி! கீழே சிமெண்ட் தரை. அடுத்த தடவை ஒத்திகைக்குப் போகும்போது, மெத்தை இருக்கிறதா, பக்கத்தில் நின்று பிடிக்கப் பெரியவர் யார் என்று தயங்காமல் கேளுங்கள்.

டாக்டர் எனக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். கபடியோ, சைக்கிளோ, ஊஞ்சலோ, எதில் விழுந்தாலும் இது பொருந்தும்.

தலையில் அடிபட்ட குழந்தை நினைவு தப்பவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல் இவையெல்லாம் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள். சில சமயம் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

அன்றைக்கே மறுபடி விளையாட விடவே கூடாது. குழந்தை "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் சரி.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், ஒரு கண்மணி பெரிசாகத் தெரிவது, வரவர அதிகமாகிற தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் இழுத்துத் தூக்காதீர்கள். அசைக்காமல் வைத்து ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

முதல் இரண்டொரு நாள் ஓய்வு, செல்போனும் டி.வி.யும் குறைவு. பிறகு நடை, படிப்பு, லேசான பயிற்சி என்று டாக்டர் சொல்லும் படிக்கட்டில் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் ரொம்ப ஆபத்து.

குட்டி அப்படித்தான் ஏறினாள். நாலு வாரம் ஆயிற்று. டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறுபடி மேலே போனாள். முதல் நாள் நானும் கூடத்தில் இருந்தேன். பேக் ஸ்பாட் பெண் குட்டியின் கணுக்காலைத் தொட்டு ஏதோ கேட்டாள். இவள் தலையை ஆட்டினாள். எட்டு எண்ணினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மேலே நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷ மெடல் அதற்கப்புறம் வந்ததுதான்.

இத்தனையும் பார்த்தவள், வாசலில் ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டேனே! சோறு எப்படி இறங்கும்?

மறுநாள் காலை கோலத்தை முடித்துவிட்டு நானே எதிர்வீட்டுப் படியேறினேன்.

"அக்கா, நேத்து ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். எங்க குட்டி ஆடறது ஜிம்னாஸ்டிக்ஸ் இல்லே, சியர்லீடிங்" என்றேன்.

அக்கா புருவத்தைத் தூக்கினார். "அந்தக் கிரிக்கெட்டிலே..."

"அது வேற அக்கா. இது வேற. உட்காருங்க, சொல்றேன்" என்று செல்போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். இரண்டரை நிமிஷம். அக்கா வாயைத் திறக்கவில்லை. குட்டி காற்றில் சுழன்று வந்து விழுந்தபோது மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

முடிந்ததும், "மறுபடி போடு" என்றார். இரண்டாம் தடவை அவர் மேலே போகிறவளைப் பார்க்கவில்லை. கீழே நின்ற பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படித் தாங்குதுங்க பாரு, பொம்பளைப் பிள்ளைங்க!" என்றார்.